முதுகுவலியோடு ஏலக்காய் மலைக்கு

சென்ற மார்கழியில் ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழேயுள்ள ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய் வந்தேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. முதுகுவலியை வைத்துக்கொண்டு மலையேறலாமா என்று யோசிக்கிற வியாபாரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

போகாமல் இருக்க முடியாது. தோட்டத்துச் சொந்தக்காரி மீனாட்சியம்மா ஒரு மாதிரியான ஆள். வாங்குகிற முதலாளி நேரில் வந்து மூட்டையைக் கிளறிப் பார்த்தால்தான் சரக்கு கொடுப்பார். கணக்கப்பிள்ளையை அனுப்பினால் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். போன வருஷம் நான் இடுப்புப் பிடித்துக் கிடந்தபோது கண்டி வியாபாரி ஒருவர் எல்லாவற்றையும் வாங்கிப் போய்விட்டார். இந்த வருஷமும் போகாவிட்டால் அந்தத் தோட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். மாத்தளைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்து கடை வைத்தவன் நான். விடுவேனா?

முதலில் முதுகைப் பற்றி. இருபது வருஷம் சுமந்தபோது வராத வலி, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் காலையிலிருந்து கடை சாத்தும்வரை அசையாமல் உட்காரத் தொடங்கிய பிறகு வந்தது. வசதி வந்தது, இலவம்பஞ்சு மெத்தை வந்தது, கூடவே இதுவும் வந்தது. டவுன் டாக்டர் விளக்கிச் சொன்னார். முதுகெலும்பு ஒரே எலும்பு இல்லை, துண்டு துண்டாக அடுக்கியது. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறது. வயது ஏற ஏற அது காய்ந்து மெலியும். இது எல்லோருக்கும் உள்ளதுதான். பயந்துபோய்ப் படுத்தே கிடந்தால், அடுக்கைத் தாங்கிப் பிடிக்கும் தசையும் தளர்ந்துவிடும். பழைய சுமையும் தன் பங்கைச் செய்திருக்கும் என்றார். அதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்தச் சுமைதான் எனக்குக் கடையைக் கொடுத்தது.

காலை ஆறரைக்கு மாத்தளையிலிருந்து ரத்தோட்டை பஸ். ஏழு மைல், இருபது சதம். பின் ஆசனத்தில் உட்காராதீர்கள், பள்ளம் ஒவ்வொன்றும் இடுப்பில் இறங்கும். ரத்தோட்டையில் சுப்பையாவின் மாட்டு வண்டியை ஒன்றரை ரூபாய்க்குப் பேசினேன். அங்கிருந்து தோட்டம் ஆறு மைல், முழுக்க ஏற்றம். ஒரு மைல் தாண்டுவதற்குள் வலி தொடைவரை இழுத்தது. இறங்கி நடந்தேன். கொஞ்ச தூரத்தில் இழுப்பு விட்டது.

"என்ன முதலாளி, காசு குடுத்த வண்டிக்குப் பின்னால நடந்து வாறீங்க?"

"ஒன் வண்டி என் இடுப்ப ஒடிக்குதுப்பா."

"மாடும் சந்தோசப்படுது. அதுவும் இடுப்பு வலின்னுதான் சொல்லிக்கிட்டிருந்துச்சு."

கொஞ்சம் நடப்பது, மூச்சு வாங்கினால் மைல்கல்லில் உட்காருவது, மறுபடி நடப்பது. இப்படியே மதியத்துக்குத் தோட்டம் சேர்ந்தேன். பனி இன்னும் விலகவில்லை. மீனாட்சியம்மா சரக்குக் கிட்டங்கியில் பன்னிரண்டு மூட்டைகளை அவிழ்த்து வைத்திருந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு பிடிவாதம் உண்டு. விற்பவர் முன்னால் வாங்குகிறவன் முட்டி போடக் கூடாது, போட்டால் விலை பேச வாய் வராது என்பார்கள். அதனால் காலை விறைப்பாக வைத்து, இடுப்பை மட்டும் வளைத்து, மூட்டையின் அடிவரை கையை விடுவோம். போன வருஷம் என் இடுப்புப் பிடித்ததும் கடையில் அப்படி ஒரு மூட்டையைக் கிளறும்போதுதான். அடியைத் தொடாமல் ஏலக்காய் வாங்கினால் நான் வியாபாரி இல்லை. காலை விறைத்து வளைந்தாலோ என்னைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கவேண்டும்.

முட்டி போட்டேன். முதுகை நேராக வைத்து, மூட்டையை நெஞ்சோடு அணைத்துக் கையை உள்ளே விட்டேன்.

"இங்க பாருங்கம்மா, முதலாளி மூட்டையக் கும்பிடுறாரு" என்றார் சுப்பையா.

"கும்பிட்டாலும் வெல கூட்ட மாட்டேன்" என்றேன். மீனாட்சியம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஐந்தாவது மூட்டையின் அடியில் கை ஈரமாயிற்று. ஒரு பிடி அள்ளி அவரிடம் நீட்டினேன். ஒன்றைக் காதருகே குலுக்கிப் பார்த்தார். காய்ந்த காயில் ஆட வேண்டிய விதை ஆடவில்லை. சிரிப்பு போய்விட்டது.

"இது சரியாக் காயல. தனியா எடுத்து வைக்கச் சொல்றேன்" என்றார். பிறகு, "போன வருஷம் வந்தவரு மேலாக்க அள்ளிப் பாத்துட்டு ஏத்திக்கிட்டுப் போனாரு. கண்டியிலேருந்து, பூசணம் புடிச்சுப்போச்சு, பணத்தத் திருப்பிக் குடுன்னு ஆள் அனுப்பினாரு. நீங்க பாக்குற மாதிரி பாத்தா எனக்கும் நிம்மதி. மத்த பதினொன்னும் ஒங்களுக்குத்தான். வருசா வருசம் நீங்க பாத்த பொறகுதான் வேற ஆளுக்குக் காட்டுவேன்" என்றார்.

முட்டி போட்டபடியே விலையும் பேசினேன். நான் நினைத்து வந்த விலைதான், ஒரு சதம் கூடவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கீழே இருப்பதை எடுக்க முட்டியை மடக்குங்கள், இடுப்பை அல்ல. சுமையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள், தூக்கியபடி திரும்பாதீர்கள். கடையில் ஒரு வாடிக்கையாளர் போனதும் எழுந்து நாலு அடி நடங்கள், கல்லாப்பெட்டி ஓடிவிடாது. வலி குறைந்ததும் நடக்கத் தொடங்குங்கள். ஆனால் கால் மரத்தாலோ, பலம் இழந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் வந்தாலோ மலையும் வேண்டாம், எண்ணெய் தேய்ப்பதும் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

மறுநாள் விடிந்ததும் இறங்கினோம். பதினொரு மூட்டையும் வண்டியில் வந்தன. ரத்தோட்டைவரை வண்டிக்கு முன்னால் நான் நடந்து வந்தேன்.