அப்பாவின் பலூன் துப்பாக்கி

அப்பா இறந்தபின் வந்த முதல் திருவிழா. பென்னாகரத்தில் எங்கள் பலூன் சுடும் கடையை நானும் அம்மாவும் போட்டாக வேண்டும். துப்பாக்கியின் குழல் வளைந்திருந்தது. வாங்கிவந்த புதுக்குழல் தடிமனாக இருந்ததால் பழைய மரக்கட்டையின் பள்ளத்தில் உட்காரவில்லை. உப்புத்தாளால் தேய்த்து அகலப்படுத்த வேண்டும். அப்பாவின் கை பட்டே வழவழப்பான கட்டை. தேய்க்க எனக்கு மனசு வரவில்லை.

"அவரு வெளிப்பக்கந்தானடி புடிச்சாரு? உள்ளார தேய்," என்றாள் அம்மா.

தேய்த்ததும் குழல் உட்கார்ந்தது. ஆனால் முன்பக்கம் பாரமாகி என் கையில் தாழ்ந்தது. அதுவரை துப்பாக்கியையே தொடாத அம்மா அதை வாங்கி, தூக்கிப் பிடித்துச் சுட்டாள். பலூன் வெடித்தது.

"உங்கப்பா இருந்தா தொட வுட்டிருப்பாரா?" என்று சிரித்தவள், சிரிப்பு நிற்பதற்குள் உடைந்து அழுதாள்.

அப்பாவை இழந்தது நான் மட்டும்தான் என்பதுபோல் அத்தனை நாளும் இருந்துவிட்டேன்.