அளவாயிருக்கா, கடிச்சுப் பாருங்க

பல் வைத்தியர் என்றால் வாயைத் திறக்கச் சொல்கிறவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் தொழிலில் பாதி, வாயை மூடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பது.

காலையில் எழும்பும்போது காதுக்கு முன்னால் ஒரு நோவு. கொட்டாவி விட்டால் 'டக்' என்று ஒரு சத்தம். தலை ஒரு பக்கம் பாரம். இதெல்லாம் உங்களுக்கும் இருந்தால் நீங்கள் எங்கள் ஆள். நித்திரையில் பல்லைக் கடிக்கிறவர் நீங்கள். நானும் கடிக்கிறவள்தான், வெட்கப்படத் தேவையில்லை.

இதற்கு நாங்கள் பல்லுக்காப்பு ஒன்று செய்து கொடுப்போம். பல்வரிசையின் மேல் மாட்டிக்கொண்டு படுக்கிற, கண்ணாடி மாதிரி ஒரு தகடு. அளவாக இருந்தால் தாடை மூட்டுக்கு ஓய்வு கிடைக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்துவிட்டாலோ, ஆடினாலோ, இருந்த நோவை விடக் கூடின நோவு வரும். அதனால்தான் முட்டுகிற இடத்தில் கறை போடுகிற நீலத் தாளை இடையில் வைத்து, கடித்துப் பாருங்கள் கடித்துப் பாருங்கள் என்று உங்கள் உயிரை எடுக்கிறோம். சுனாமிக்குப் பிறகு, சண்டை முடிந்து சில காலம் வரைக்கும், மட்டக்களப்பில் நான் செய்த பல்லுக்காப்புகளுக்குக் கணக்கில்லை. அந்த வருசங்களில் ஊரே பல்லைக் கடித்துக்கொண்டுதான் படுத்தது.

காது நோவென்று வந்தவர்

சுனாமிக்கு அடுத்த வருசம் வாகரையிலிருந்து யோகராசா என்ற மீன்பிடிகாரர் மனைவியோடும் சின்ன மகளோடும் வந்தார். மாதக்கணக்காக வலது காது நோவு. காது டொக்டர் பார்த்துவிட்டு, காதில் ஒரு குறையும் இல்லை, பல்லைக் காட்டுங்கள் என்று அனுப்பியிருந்தார். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். மூட்டு என் விரலுக்கடியில் துள்ளியது. கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகக் கிடந்தன. சுனாமிக்குப் பிறகு கொடுத்த தகரக் கொட்டிலில் இருக்கிறார்கள். இவர் பல்லைக் கடிக்கிற சத்தத்தில் தகரத்துக்கு அந்தப் பக்கம் படுக்கிறவர்களுக்கே நித்திரை இல்லை என்று மனைவி சொன்னார்.

எப்போது தொடங்கியது என்று கேட்டேன். அதற்கும் மனைவிதான் பதில் சொன்னார். தண்ணீர் வந்தபோது யோகராசா மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒரு தென்னையைக் கட்டிப் பிடித்திருக்கிறார். மரத்தைப் பிடிக்கவே இரண்டு கையும் போதவில்லை. மகளின் சட்டையைப் பல்லால் கவ்விக்கொண்டு நின்றிருக்கிறார். தண்ணீர் வடிந்து மனைவி தேடி வந்தபோதும் வாய் திறபடவில்லை. தாடையை நீவி நீவித்தான் சட்டையை எடுக்க முடிந்தது. அந்த மகள் இப்போது என் கதிரையின் தண்ணீர்க் குழாயைத் திருகி விளையாடிக்கொண்டிருந்தாள்.

முதலில் செய்த காப்பு வலப்பக்கம் உயர்ந்துவிட்டது. நோவு கூடிப்போய்த் திரும்பி வந்தார். நீலத் தாள் அந்தப் பக்கத்தில் மட்டும்தான் கறை போட்டது. உரஞ்சி உரஞ்சி இரண்டு பக்கமும் சமமாக்கிக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோதும் நோவு அப்படியே இருந்தது. காப்பை வாங்கிப் பார்த்தால் ஒரு கீறல் கூட இல்லை. போடவே இல்லை. மகள் தாயின் பக்கம் மாறிப் படுக்கத் தொடங்கிய பிறகுதான் போட்டாராம், பிறகு நோவும் விட்டது. ஆனால் ஏன் போடவில்லை என்று நான் கேட்ட அன்றைக்கு அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னது இது: "அளவில பிழையில்ல டொக்டர். இதப் போட்டா வாய் இறுகப் பிடிக்குதில்ல. நித்திரையில புள்ளைய விட்டிருவனெண்டு பயமா இரிக்கு."

கடல் கடந்து வந்த காப்பு

புளியந்தீவில் எங்கள் டிஸ்பென்சரிக்குப் பின்னால் எஸ்டர் அன்ரி தனியாக இருந்தார். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழி வந்த பறங்கி ஆட்கள். நத்தாருக்கு அவர் சுடுகிற கேக்குக்கு ஊரில் பெரிய பெயர். ஒரே மகன் அவுஸ்திரேலியாவில். ஷெல் சத்தம் கேட்கிற நாட்களில் பல்லை இறுக்கிக்கொண்டு படுப்பேன் என்று அன்ரி எப்போதோ மகனிடம் சொல்லியிருக்கிறார். மகன் அங்கே ஒரு கடையில் பல்லுக்காப்பு வாங்கி அனுப்பிவிட்டான். சுடுதண்ணீரில் போட்டு, இளகினதும் வாயில் வைத்துக் கடித்தால் அளவு எடுத்துவிடுமாம்.

எங்கே எடுத்தது? தடித்த, மெத்தென்ற சாமான். வாய்க்குள் மெத்தென்று ஏதாவது இருந்தால் நித்திரையில் அதைச் சப்பத்தான் வரும். அன்ரி அதை இரவிரவாகச் சப்பியிருக்கிறார். ஒரு மூலையில் ஓட்டையே விழுந்திருந்தது. மூட்டு வீங்கி, பாணைத் தேத்தண்ணீரில் ஊறவைத்துத்தான் சாப்பிட முடிந்தது. இதை எறிந்துவிடுங்கள், இதுதான் உங்கள் நோவுக்குக் காரணம் என்றேன். அவர் அதைத் துடைத்து, வந்த பெட்டிக்குள் வைத்து மூடினார்.

மெல்லிய, கடினமான காப்பு ஒன்று அளவெடுத்துச் செய்து கொடுத்தேன். இரண்டு மூன்று தடவை திருத்தின பிறகு நோவு இறங்கிவிட்டது, கச்சான் கடலை கூடச் சாப்பிடத் தொடங்கினார். பழையதை எறிந்தீர்களா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மகன் கோல் எடுப்பதற்கு முன்னால் அதைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்துக்கொள்வாராம். எனக்கு விளங்கவில்லை. அன்ரி விளங்கப்படுத்தினார்: "எப்பிடியம்மா நான் அனுப்பினது எண்டு ஒவ்வொரு கிழமையும் கேக்கிறான். இப்பதான் மனே கழட்டி வெச்சன் எண்டு சொல்லுவன். அது பொய்யில்லதானே டொக்டர்?"

நோன்பு மாதம்

காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருந்த பாறூக் ஹாஜியாருக்குப் பல்லுக்காப்பு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. கடை மூடவேண்டிய நாள் எது, திறக்கக்கூடிய நாள் எது என்று தெரியாத காலம் அது. அவருடைய தாடைக்கு அதெல்லாம் தெரிந்திருந்தது. காப்பு போட்ட பிறகு ஆள் தெளிந்து, வருகிற போகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெருநாள் முடிந்து வந்தவர் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு வந்தார். காப்பு பல்லில் ஏறவில்லை, ஏறினாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

நோன்பு மாதம் முழுக்க அவர் அதைத் தொடவில்லை. விடியமுன் சஹர் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது வாயில் ஒரு சாமான் இருந்தால் நோன்புக்குக் கூடுமோ கூடாதோ என்ற பயம். பல் ஒரே இடத்தில் நிற்கிற சாமான் இல்லை. ஒரு மாதம் காப்பு இல்லாமல் விட்டால் கொஞ்சம் நகரும். பிறகு பழைய அளவு அளவே இல்லை. நான் திரும்ப அளவெடுத்தேன். அடுத்த வருசம் என்ன செய்வது என்று இப்போதே மௌலவியிடம் மசலா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கேட்டுவையுங்கள் என்றும் சொன்னேன். காப்பைக் கழுவி, கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறார். திரும்பி வந்து மௌலவி சொன்னதை அப்படியே சொன்னார்: "அவர் திருப்பித் திருப்பிப் பாத்தார் டொக்டர். மசலா பிறகு சொல்லுறன், முதல்ல அந்த டொக்டர் எனக்கும் ஒண்டு செய்வாவா எண்டு கேட்டுக்கிட்டு வாங்க எண்டார்."

பாலத்தடியில் ஒரு வாய்

காப்புச் செய்கிற இடம் கல்லடிப் பக்கம் இருந்தது. நோயாளிகளின் பல் அச்சுகளை, வெள்ளைச் சாந்தில் வார்த்த தாடைகளை, நானே பையில் கொண்டுபோவேன். பாலத்தடிச் செக்பொயின்டில் பையைத் திறந்து காட்டவேண்டும். ஒரு நாள் புதிதாக வந்த சிப்பாய் ஒருவன் உள்ளே கையை விட்டு ஒரு தாடையை எடுத்தான். முகம் வெளிறிவிட்டது. அது சாந்து, ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். பல்லைக் கடிக்கிறதற்கு என்று என் பல்லைக் கடித்துக் காட்டினேன். அவன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு, காதுக்கு முன்னால் விரலை வைத்தான். தனக்கும் அங்கே நோவு என்றான். பங்கருக்குள் தன் பல் சத்தத்துக்குப் பக்கத்தில் படுக்கிறவன் ஏசுகிறான் என்றான்.

லீவு நாளில் சாதாரண உடுப்பில் டிஸ்பென்சரிக்கு வந்தான். காத்திருக்கிற வாங்கில் இருந்தவர்கள் தலைமுடியைப் பார்த்தே ஆளை அறிந்துகொண்டு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவனுக்கும் அது விளங்கியது, மூலையில் நின்றுகொண்டான். இருபது வயதுக்கு மேல் இருக்காது, ஆனால் பல் கிழவனின் பல் போலத் தேய்ந்திருந்தது. அளவெடுத்து அனுப்பினேன். காப்பு வந்தபோது பாலத்தடியில் எல்லாம் வேறு முகங்கள். எங்கே என்று கேட்டதற்கு ஒருவன் வடக்கே கையைக் காட்டினான். வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்த நேரம்.

சண்டை முடிந்தது என்று அறிவித்த பிறகும் அவன் வரவில்லை. என் உதவியாளர் பொன்மணி, இந்தச் சண்டையில் தம்பியைப் பறிகொடுத்தவர், மேசை லாச்சியைத் துப்பரவாக்கும்போது அந்தக் காப்பைக் கையில் எடுத்தார். எறியப்போகிறார் என்று நினைத்தேன். கழுவி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். "வேற ஆருக்கும் குடுக்கவும் ஏலாது, டொக்டர்," என்றார். "அந்தப் புள்ளைட வாய்க்குத்தானே அளவு."

மாமாவோடு வந்த பெண்

சண்டை முடிந்து, வன்னிச் சனத்தை வைத்திருந்த முகாமிலிருந்து வெளியே விட்டவர்களில் சுகந்தி என்ற பெண் அமிர்தகழியில் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. பெயர் என்ன என்று கேட்டால் மாமா சொன்னார், எங்கே நோகிறது என்று கேட்டாலும் மாமா சொன்னார். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. இரண்டு தாடை மூட்டிலும் தொட முடியாத நோவு. வேறொரு இடத்தில் அவசரத்துக்கு ஒரு காப்பு கொடுத்திருந்தார்கள். இடப்பக்கம் மட்டும் முட்டி, தாடையை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அதைப் போட்ட நாளிலிருந்து கஞ்சியும் இறங்கவில்லை என்றார் மாமா.

ஒரு விரல் வாய்க்குள் அளவெடுப்பது லேசான வேலை இல்லை. முதல் இரண்டு வருகையிலும் சுடுதண்ணீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கப் பழக்கினேன். பிறகு காப்பைச் செய்து, வருகிற ஒவ்வொரு தடவையும் நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, உயர்ந்த இடத்தை உரஞ்சினேன். அவள் ஒரு முறையும் முனகவில்லை. இடது பக்கம், வலது பக்கம் என்று விரலால் காட்டுவாள், அவ்வளவுதான். மாதங்கள் போய், ஒரு நாள் தாளில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கறை விழுந்தது. காப்பைக் கழற்றிவிட்டு வாயைத் திறக்கச் சொன்னேன். மூன்று விரல் தாராளமாகப் போனது. பொன்மணிக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமா கெட்ட மனிதர் இல்லை. அவருடைய தங்கை, அதாவது சுகந்தியின் தாய், கடைசியாக அவளோடுதான் இருந்தாராம். என்ன நடந்தது என்று அவள் இந்த நாள் வரைக்கும் சொல்லவில்லை. வாய் திறந்துவிட்டதே, நீங்களே கேளுங்கள் டொக்டர், உங்களிடம் சொல்வாள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் கையுறையைக் கழற்றத் தொடங்கினேன். அவள் கதிரையிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டி, மாமாவின் கையைப் பிடித்தாள். அவள் குரலை அன்றைக்குத்தான் நான் முதலில் கேட்டேன்: "இப்ப வாய் திறந்தது சாப்பிடத்தான் மாமா. மத்தத நான் சொல்லுற நேரம் சொல்லுவன்."

* * *

பல்லுக்கு அளவெடுக்கிற பசை இந்த ஊருக்குத் தட்டுப்பாடில்லாமல் வருகிறது, எங்களைப் பல்லைக் கடிக்க வைத்ததற்கு அளவெடுக்கிற பசையைத்தான் இன்னும் ஒருவரும் இறக்குமதி செய்யவில்லை.