கொப்பளிக்கத் தண்ணீர்

என் அப்பாவை நான் ஒருமுறை சாவிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன். அவர் அப்போது குவைத்தில் இருந்தார். நான் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தேன். வயது ஒன்பது, கையில் ஒரு தண்ணீர் பாட்டில். அதை வைத்துக்கொண்டு எப்படிக் காப்பாற்றினேன் என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முன்னால் அத்தையிடம் நான் வாங்கிய அறையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். அத்தை அப்பாவின் அக்கா, எங்களுக்கு எதிர்வீடு. தெருக்கோடியில் ஒரு துக்கம் விழுந்தபோது, பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி பாடுவதை நான் முதல்முறையாகப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. வீட்டுக்கு வந்து என் பொம்மையைக் கிடத்தி, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, நானும் பாட ஆரம்பித்தேன். உறைமோர் வாங்க வந்த அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு அறை விட்டாள்.

"நல்லா இருக்கற வீட்டுல ஒப்பாரி பாடுவியாடி? யாரை நெனச்சுப் பாடுறியோ அவங்களுக்குப் பலிச்சிரும். போய் வாயைக் கொப்பளிச்சுத் துப்பு!"

ஓடிப்போய்க் கொப்பளித்துத் துப்பினேன். ஆனாலும் கொஞ்ச நாளில் அந்தப் பொம்மையின் கை கழன்று விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அத்தை சொன்னதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சரியாகக் கொப்பளிக்காமல் விட்டது என் தப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்குக் குவைத்தில் கம்பி கட்டுகிற வேலை. வெயில் காலத்தில் இரும்பைத் தொட்டால் கையுறையைத் தாண்டிச் சுடும் என்று போனில் சொல்வார். வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்குத்தான் பேசுவார். நடுவில் அவசரம் என்றால் நாங்கள் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், அவர் திருப்பிக் கூப்பிடுவார். வீட்டின் மாடிக்காக அவர் விட்டுவிட்டுப் போன கம்பிகள் மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருந்தன. அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் சாக்குப் போர்த்தி நின்றது. அம்மா வாரம் ஒருமுறை சாக்கை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் போர்த்துவாள். ஓட்டத்தான் தெரியாது.

அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள். தையல் மெஷின் ஓடும்போது பாடுவாள், மெஷின் நின்றால் பாட்டும் நின்றுவிடும். ஜாக்கெட் வாங்க வந்த ஒரு டீச்சர் வெளியிலேயே நின்று ஒரு முழுப்பாட்டையும் கேட்டிருக்கிறார். தஞ்சாவூரில் ஆசிரியர்களும் பேங்க்காரர்களுமாகச் சேர்ந்து ஒரு பாட்டு நாடகம் போடப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆடிஷன், அவசியம் வாங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா சிரித்து மழுப்பினாள். அன்று சாயங்காலம் மெஷின் ஓடாதபோதும் அவள் பாடிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லைனிங் துணி எடுக்கத் தஞ்சாவூர் போகிறோம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். லைனிங் துணிக்கு எதற்குக் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை என்று அத்தை கேட்கவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்த ஆனி மாதம். வழியெல்லாம் நாற்றங்கால் பச்சை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டே வந்தாள்.

கல்யாண மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் இன்னும் வாடாமல் நின்றது. மணமேடையில் 'வரவேற்பு' என்ற எழுத்துக்களுக்குக் கீழே ஆடிஷன். ராஜா வேஷம் கிடைத்தே தீரும் என்று மீசையை முறுக்கிவிட்டு வந்திருந்த ஆட்டோக்காரர், பின்னணி இசையைப் போனில் வைத்துக்கொண்டு அது சரியான இடத்தில் தொடங்காமல் தவித்த காலேஜ் பெண்கள், தனக்குப் பாட வராது ஆனால் இறந்துபோவது நன்றாக வரும் என்று சொல்லி விழுந்தே காட்டிய ஒரு பேங்க் காசாளர் என்று மண்டபம் நிறைந்திருந்தது. நாடகத்தை நடத்துகிறவரை எல்லோரும் வாத்தியார் என்றார்கள். அவர் யாரையும் இரண்டாவது வரிக்கு மேல் விடவில்லை. "நன்றி, உக்காருங்க" என்பார். அவருக்குப் பக்கத்தில் ஆர்மோனியம் வாசித்தவர் அந்த 'நன்றி'க்குக்கூடச் சுருதி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் முறை வந்தது. கோயிலில் பாடுகிற ஏதோ ஒரு பாட்டை ஆரம்பித்தாள். வீட்டில் கேட்கிற குரலே இல்லை, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் எழுந்து, "சார், இவங்களுக்கு அந்தக் கரைக்காவல்காரன் பொண்டாட்டி வேஷத்தைக் குடுத்துப் பாருங்களேன்" என்றார்.

வாத்தியார் கதையைச் சொன்னார். ராத்திரி வெள்ளம் வந்து ஆற்றங்கரை உடைத்துக்கொள்கிறது. காவல்காரன் உடைப்பை அடைக்கப் போகிறான், ஊர் பிழைத்துவிடுகிறது, அவன் மட்டும் திரும்பவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு அவன் பெண்டாட்டி கரையில் உட்கார்ந்து பாடுகிறாள்.

"பாட்டு இன்னும் எழுதலைம்மா. உங்க ஊர்ல எப்படி அழுவாங்களோ அப்படிப் பாடுங்க, போதும்."

 அம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள். மணமேடையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அடுத்து வந்த குரல் வீட்டுக் குரலும் இல்லை.

வாசலிலே வண்டி நிக்க
வந்து ஏற ஆளைக் காணோம்
சாக்குப் போட்டு மூடி வச்சேன்
சாமி நீ வருவேன்னு

மாடிக்குக் கம்பி நட்டே
மகராசா போயிட்டியே
மழையிலே நனைஞ்சு நனைஞ்சு
மஞ்சளாத் துருவேறுதே

ஆற்றங்கரைக் காவல்காரனுக்கு மோட்டார் சைக்கிளும் மொட்டை மாடியும் ஏது என்று மண்டபத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆட்டோக்காரர் மீசையை விட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டி எங்கள் வண்டி. கம்பி எங்கள் கம்பி. அம்மா யாரை நினைத்துப் பாடுகிறாள் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பொம்மைக்கு நடந்தது கண்முன் வந்தது. குவைத்தில் உயரமான ஒரு கட்டடத்தில் அப்பா நின்றுகொண்டிருக்கிறார்.

தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மணமேடைக்கு ஓடினேன். அம்மாவின் வாயைக் கையால் பொத்தினேன்.

"அப்பா நல்லாத்தான் இருக்காரு! பாடாதம்மா! கொப்பளி, கொப்பளிச்சுத் துப்பு!"

யாரும் சிரிக்கவில்லை. ஆர்மோனியக்காரர் கட்டையிலிருந்து விரலை எடுக்க மறந்துபோய் ஒரே சுரம் இழுத்துக்கொண்டே இருந்தது. அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அவள் திட்டவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு, பந்தி முடிந்து கை கழுவுகிற குழாயடிக்குப் போய், நான் பார்க்கும்படி நன்றாகக் கொப்பளித்துத் துப்பினாள். முகத்தையும் கழுவிக்கொண்டாள். தாலியை எடுத்து வெளியே விட்டாள்.

வாத்தியார் குழாயடிக்கே வந்துவிட்டார். "மீதியையும் பாடுறீங்களாம்மா?" என்று கேட்டார். அன்று அவர் 'நன்றி' சொல்லாத ஒரே ஆள் அம்மாதான்.

"பாப்பா பயப்படுது சார். நமக்கு இது சரிப்படாதுங்க. வரேங்க" என்று சொல்லிவிட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டீச்சர் வாசல்வரை பின்னாலேயே வந்தார். அந்த வேஷத்துக்கு வேறு யாரையும் பார்க்கப் போவதில்லை, வெள்ளிக்கிழமைக்குள் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். அம்மா தலையாட்டினாள். கேட்கப் போவதில்லை என்று தலையாட்டுகிற விதத்திலேயே தெரிந்தது. லைனிங் துணியை மறக்காமல் வாங்கினாள். வீட்டில் பிரித்துப் பார்த்தபோது எல்லாமே தப்பான கலராக இருந்தது.

எனக்கு வேறு கவலை. கொப்பளித்தது என்னவோ சரி, ஆனால் ரெண்டு சரணம் பாடின பிறகுதானே? மறுநாள் அத்தையிடம் போய், பாடிக் கொஞ்ச நேரம் கழித்துக் கொப்பளித்தால் செல்லுமா என்று விசாரித்தேன். அத்தைக்குப் புருவம் ஏறிவிட்டது. யார் பாடியது என்றாள். டிவியில் பாடினார்கள் என்றேன். "டிவியையா கழுவ முடியும்? போடி வேலையைப் பாத்துக்கிட்டு" என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமைவரை பொறுக்க முடியாமல், அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போனை எடுத்து மிஸ்டு கால் கொடுத்தேன். அப்பா கூப்பிடவில்லை. மறுபடி கொடுத்தேன். மதியச் சோறு இறங்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் அடித்தபோது, எடுக்க எனக்குக் கை வரவில்லை. வேறு யாராவது பேசிவிட்டால்? கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன்.

"என்ன பாப்பா, என்ன ஆச்சு? அம்மா எங்க?" என்றது அப்பாவின் குரல்.

"நீ இருக்கியாப்பா?"

"இருக்கேன்டா. ஏன்டா, என்னாச்சு?"

அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். கல்யாண மண்டபம், காவல்காரன், வண்டி, சாக்கு, கம்பி, துரு, நான் பாட்டிலோடு ஓடியது எல்லாம். பேசிக்கொண்டிருக்கும்போதே தையல் மெஷின் நின்றது. அம்மா அறை வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவளும் அப்பா செத்துவிடுவாரோ என்றுதான் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"சும்மா லைனிங் எடுக்கப் போனப்ப அப்படியே எட்டிப் பாத்தேங்க" என்றாள் அம்மா. "வரலைன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"என்ன பாடுன?"

"ஒண்ணுமில்லைங்க. அது சும்மா வாய்க்கு வந்தது."

"பாடு, கேப்போம்."

"உசுரோட இருக்கற மனுசனுக்கு யாராவது அதைப் போய்ப் பாடுவாங்களா?"

"நான்தானே கேக்குறேன். பாடு."

அம்மா மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். போனை மெஷின் மேல் வைத்தாள். காலால் மிதிக்காமல், கைச்சக்கரத்தை வெறுமனே உருட்டிக்கொண்டே பாடினாள். மண்டபத்தில் பாடின சத்தத்தில் பாதிகூட இல்லை, அத்தைக்குக் கேட்காத அளவுக்குத்தான் பாடினாள். மண்டபத்தில் நான் பாட விடாத மீதியையும் பாடினாள். இட்லி ஊற்றினால் ரெண்டு இட்லி மீந்துபோவதெல்லாம் அதில் வந்தது. நான் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு, முடிந்ததும் நீட்டுவதற்குத் தயாராக நின்றேன். அப்பாவே கேட்டதால் தடுக்க வழியில்லை.

பாட்டு முடிந்தது. போனிலிருந்து சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"டீச்சர்ட்ட வர்றேன்னு சொல்லிடு" என்றார் அப்பா. குரல் கட்டிப்போயிருந்தது. "அக்கா ஏதாவது சொன்னா, நான்தான் போகச் சொன்னேன்னு சொல்லு."

நான் செம்பை நீட்டினேன். அவள் கொப்பளிக்கவில்லை, மடமடவென்று முழுவதையும் குடித்துவிட்டாள். நான் பதறிப்போய் ஸ்பீக்கரை நிறுத்திப் போனைக் காதில் வைத்து, "ஏன்ப்பா குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டேன்.

"சளிடா பாப்பா. வேற ஒண்ணுமில்ல."

சாவு இல்லை, சளிதான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரெண்டு சரணத்துக்கு அப்புறம் கொப்பளித்தால் பலிப்பது சளி அளவுக்குக் குறைந்துவிடும் போலிருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். எதிர்வீட்டுக்கு ஓடி, அப்பாவுக்குச் சளி என்று அத்தையிடம் சொன்னேன். அத்தைக்குத் தம்பி என்றால் உயிர். தூதுவளையை நிழலில் காயவைத்து, இடித்துச் சலித்து, ஒரு பொட்டலமாகக் கட்டி, பக்கத்துத் தெருவிலிருந்து குவைத் கிளம்பியவரிடம் கொடுத்தனுப்பினாள்.

ஐப்பசியில் நாடகம் நடந்தது. அம்மா பாடினாள். நான் முன்வரிசையில் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா மேடையிலிருந்து இறங்கியதும் அதை வாங்கி, எனக்காகக் கொப்பளித்துத் துப்பினாள். எனக்குப் பின்வரிசையில் அத்தை புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். அவளையும் கொப்பளிக்கச் சொல்ல வேண்டுமா, கேட்டதற்கும் அது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அப்பா வந்தபோது, பெட்டியைப் பிரித்தது நான்தான். சோப்பு, செண்ட் பாட்டில், சாக்லேட்டுக்கெல்லாம் அடியில் அத்தையின் தூதுவளைப் பொட்டலம் கட்டிய நூல்கூட அவிழாமல் இருந்தது. இதைச் சாப்பிடவே இல்லையா என்று கேட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவசரமாகச் சோப்புகளை அடுக்க ஆரம்பித்தாள்.

சளி அன்னிக்கே சரியாப் போச்சுடா என்றார் அப்பா. வெயில் காலத்துச் சளி சீக்கிரம் விட்டுவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் சாக்லேட்டைப் பிரித்தேன்.