அந்தக் கயிற்றை இழுத்தது நான்தான்

இருதயராஜ் அண்ணா நேற்று காலை போய்விட்டார். ஹார்ட் அட்டாக்...

இரும்புலியூரில் போட் மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் ரிப்பேர் பார்த்தவர். எங்கள் ஏரியாவில் பலருக்கு அவரை ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் ஞாபகம் இருக்கும். அது பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் செம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர். மழைக்குத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்பதால் ஒரு ரப்பர் படகும் பழைய மோட்டாரும் வாங்கியிருந்தோம். மோட்டாரைச் சரிபார்க்க அண்ணாவைக் கூப்பிட்டோம்.

முதலில் தண்ணீரைத் தள்ளும் ப்ரொப்பல்லரைக் கழற்றினார். தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள் மோட்டாரின் அடிப்பாகத்தை இறக்கி ஓடவிட்டார். பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. "இது வந்துகினே இருக்கணும் சார். நின்னா எஞ்சின் சூடாயிடும்."

ஒரு ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார், காதைச் சாய்த்துக் கேட்டார்... இருமிக்கொண்டிருந்த மோட்டார் சீராக ஓடத் தொடங்கியது. "இன்னா அழகா பேசுது பாருங்க!"

பிறகு நிறுத்திவிட்டு, மோட்டாரிலிருந்த சிவப்பு கிளிப்பை உருவி மேஜைமேல் வைத்தார். அது இல்லாமல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. "நான் சொல்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க." மோட்டாரை ஸ்டாண்டில் மாட்டி, சுற்றாமல் இருக்க கியரில் போட்டு, ப்ரொப்பல்லரைத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போட ஒரு வீடியோ வேண்டும். அவர் முடித்துவிட்டார் என்று நினைத்தேன்... இல்லை, நினைக்கக்கூட இல்லை. கிளிப்பை மாட்டி, ஒரு கையில் போனோடு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். ப்ரொப்பல்லர் சுழன்றது.

அவர் வலது கையில் இரண்டு விரல்கள்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். கையைத் துண்டில் சுற்றிக்கொண்டே, நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார். "என் தப்புதான். ஓடவுட்டுகினே கைய வெச்சிட்டேன்."

ஆஸ்பத்திரியில், "ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "வேணும்னா பண்ணீங்க? வுடுங்க சார்."

விட்டுவிட்டேன்.

அடுத்த மீட்டிங்கில், அஜாக்கிரதையான ஆள், இனி கூப்பிட வேண்டாம் என்று முடிவானது. மினிட்ஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்.

அடுத்த மழையில் அந்த மோட்டார் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. படகில் நான் நிற்கும் போட்டோவை இதே பக்கத்தில் போட்டேன். நீங்களும் லைக் போட்டிருப்பீர்கள். அதில் அவர் பெயர் இல்லை.

இன்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மேரி அக்கா என்னைப் பார்த்ததும் அழுதார். "எத்தினி தபா திட்டிகீறேன் சார்... உன் அஜாக்கிரதையாலதான் வெரல் போச்சுன்னு. ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல அந்த மனுசன்."

அக்காவிடம்கூட அவர் சொல்லவில்லை.

"கயித்த இழுத்தது நான்தான்க்கா" என்றேன்.

அழுகை நின்றது. பிறகு மெதுவாக, "கெளம்புங்க சார்" என்றார்.

நாளை காலை அடக்கம். நான் கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே நிற்பேன்.

போய் வாங்கண்ணா.