சேர்த்துக் கட்டிய இரண்டு பைக்கும் நித்யாவின் வளைகாப்பும்

நேற்று என் பைக்கை எவனாலும் திருட முடியவில்லை.

என்னாலும் எடுக்க முடியவில்லை!

(சிரிக்காமல் படியுங்கள். முடியாது என்று எனக்கே தெரியும்.)

நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பைக்கைக் கூட்ரோட்டுப் புங்கமரத்தடியில் நிறுத்திவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுவது எங்கள் வழக்கம். போன மாதம் அந்த மரத்தடியில் ஒரு வண்டி காணாமல் போனது.

அன்றிலிருந்து என்னோடு வேலை செய்கிற தேவராஜுக்குத் தூக்கம் போச்சு. அவனுடையது புது வண்டி. சீட்டின் பிளாஸ்டிக் கவரை இன்னும் கிழிக்கவில்லை. ஷோரூமில் கட்டிய சிவப்பு ரிப்பன் அப்படியே ஹேண்டிலில் இருக்கிறது. (கல்யாண மாலையை அன்றைக்கே கழற்றி வீசிய ஆள்!)

யோசனை சொன்ன புத்திசாலி நான்தான்.

"டேய், ஒத்த வண்டின்னா தள்ளிகினு பூடுவான். ரெண்டையும் சேத்துக் கட்டிட்டா எவன்டா தள்ளுவான்?"

காயலான் கடையில் கட்டைவிரல் கனத்துக்கு ஒரு சங்கிலி கிடைத்தது. இரண்டு வண்டியின் முன்சக்கரத்திலும் கோத்து ஒரே பூட்டு. இரண்டுக்கும் சென்டர் ஸ்டாண்டு, ஹேண்டில் லாக். பூட்டுச் சாவி ஒன்று தேவராஜின் பாக்கெட்டில். இன்னொன்று பத்திரமாக இருக்கட்டும் என்று அவன் வண்டி சைடு பாக்ஸுக்குள் வைத்து, அதையும் பூட்டிவிட்டான்.

(ஆமாம். நீங்கள் நினைப்பது சரிதான். எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.)

நேற்று ஞாயிற்றுக்கிழமை. என் தங்கச்சி சரசுவின் மகள் நித்யாவுக்கு, மண்ணூரில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. நான் தாய்மாமன். முதல் வளையல் நான்தான் போட வேண்டும், அதுவும் நாலரை ராகுகாலத்துக்கு முன்னால். சம்பந்தியம்மா கல்யாணச் சீரிலேயே குறை கண்டவர். நான் லேட்டானால் அந்த வீட்டில் என் தங்கச்சி தலைநிமிர முடியாது.

ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறி நன்றாகத் தூங்கினேன். கூட்ரோட்டில் இறங்கிய பிறகுதான் பார்க்கிறேன், தேவராஜ் இல்லை. கடைசி நேரத்தில் ஓ.டி.க்கு, அதாவது ஓவர்டைமுக்கு, பிடித்துப் போட்டுவிட்டார்களாம். சாவி அவனோடு லைனில். அவன் போன் லாக்கரில்.

மரத்தடியில் ஒரு ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது. கால்வாய் தோண்டப் போகிறார்களாம்.

"இன்னா அண்ணாத்த, இது ரெண்டும் உன்துதா? அர மணி நேரத்துல எடு. இல்லாங்காட்டி வாரி ஓரமா போட்டுட்டுப் போய்கினே இருப்பேன்" என்றார் டிரைவர்.

பஞ்சர் கடையில் ரம்பம் வாங்கி அறுத்தேன். பத்து நிமிடத்தில் சங்கிலிக்கு நல்ல பாலிஷ் கிடைத்தது. தள்ளிப் பார்த்தேன். ஹேண்டில் லாக்கில் இருக்கிற தேவராஜ் வண்டி எங்கே நேராகப் போகும்? தினமும் டன் கணக்கில் தூக்குகிறவன், சொந்த பைக்கை ஓரடி நகர்த்த முடியாமல் நின்றேன்.

கடைசியில் அந்த ஜேசிபி டிரைவரே மனம் இறங்கி, படப்பைப் பக்கமிருந்து காலியாக வந்த ஒரு குட்டியானை லோடு வண்டியை நிறுத்தினார். மண்வெட்டி ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து இரண்டு பைக்கையும் கட்டின கட்டோடு தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். நடுவில் நான், இரண்டு ஹேண்டிலையும் பிடித்தபடி. நேராக மண்ணூர்!

பந்தல் வாசலில் போய் நின்றால், மொத்தக் கூட்டமும் வெளியே வந்துவிட்டது.

சிவப்பு ரிப்பன். பிளாஸ்டிக் கவர். தாய்மாமன். உங்களுக்கே புரிந்திருக்கும்.

சம்பந்தியம்மா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. ஆலம் கரைத்து வந்து சுற்றினார். எனக்கில்லை, பைக்குக்கு! ஹெட்லைட்டில் குங்குமம் வைத்தார். மாப்பிள்ளை தன் வேட்டி முனையால் சீட்டைத் துடைத்தார். முன்னாலேயே வந்துவிட்டிருந்த என் பொண்டாட்டி பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சரசு மட்டும் கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனுக்கோசரமாண்ணா?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் வளையல் என்று உள்ளே ஓடினேன். நாலு இருபதுக்குப் போட்டுவிட்டேன். அது வரைக்கும் ஜெயம்.

நாலரைக்கு தேவராஜ் போன்.

"அண்ணா, நம்ம வண்டி நின்ன எடத்துல பள்ளம் கீதுண்ணா."

"அழாதடா. ஒன் வண்டிக்கு இங்க ஆலம் சுத்திகினு கீறாங்க. சாவிய எடுத்துகினு மண்ணூர் வா."

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினான். சீர் வண்டியின் சாவி வந்துவிட்டது என்று அவனையும் உட்காரவைத்து லெமன் சாதம், புளி சாதம் எல்லாம் போட்டார்கள். இதற்கு மேல் மறைத்தால் வண்டி கைவிட்டுப் போய்விடும். சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மரத்தடியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

பந்தலே பைக்கைத் திரும்பிப் பார்த்தது.

முதலில் சிரித்தது நித்யாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கை நிறைய வளையல் குலுங்கக் குலுங்க. அடுத்து சரசு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "நானே ரோசன பண்ணேன் மாமா. ஒண்ணு புச்சு, ஒண்ணு ஓட்ட வண்டி, இது இன்னா சீருன்னு."

(ஓட்டை வண்டி என்னுடையது. நன்றி மாப்பிள்ளை.)

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. எழுந்து போய் அந்தச் சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் கீது. எம்புள்ள வண்டிய வாசக் கம்பத்துல கட்றதுக்கு இத்தயாவது குட்த்துட்டுப் போ."

நான் வாய் திறப்பதற்குள் தேவராஜ் பூட்டைத் திறந்து, சங்கிலியையும் இரண்டு சாவியையும் தாம்பூலத் தட்டில் வைத்துக் கும்பிட்டான். அதற்கப்புறம்தான் அந்தம்மாவும் சிரித்தார். சரசுவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

ஆகவே மக்களே, சென்டர் ஸ்டாண்டு போடுங்கள், ஹேண்டில் லாக் போடுங்கள், நகராத கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி போடுங்கள். ஓ.டி. பார்க்கிற ஆளோடு சேர்த்துப் போடாதீர்கள்!

இன்று காலை கூட்ரோட்டில் என்னைப் பார்த்ததும் தேவராஜ் வண்டியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். ஹெட்லைட் குங்குமத்தை மட்டும் அழிக்கவில்லை.

சரி, உங்கள் வண்டியின் இரண்டாவது சாவி இப்போது எங்கே இருக்கிறது? (போய்ப் பார்த்துவிட்டு வந்து கமெண்ட் போடுங்கள்.)