வீட்டுக்கு வந்த திருவிருந்து

பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு, ஆலயத்துக்குப் போக முடியவில்லையே என்பதுதான் அம்மாவுக்குப் பெரிய துக்கம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. "திருவிருந்து எடுத்து ரொம்ப நாளாச்சுடா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். போதகரிடம் சொன்னேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பமும் திராட்சரசமும் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

என் மனைவி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டோம். அவள் மதம் மாறவில்லை, நானும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில், சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில், "இவள நான் மருமகள்னு சொல்லமாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். படுக்கையில் விழுந்த பிறகு குளிப்பாட்டியதும் ஊட்டியதும் அந்த மருமகள்தான். பழைய பேச்சை மட்டும் இருவரும் எடுத்ததில்லை.

அந்த ஞாயிறு பௌர்ணமியாகப் போயிற்று. போதகர் வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டு, மலையைச் சுற்ற வந்த கிரிவலக் கூட்டத்துக்குள் நடந்து வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. அதுவரை என் மனைவி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காலையிலேயே வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்குக் குளித்து, அம்மாவுக்கு வெள்ளைப் புடவை கட்டிவிட்டிருந்தாள்.

"நீ சாப்பிடேன். நீயா எடுக்கப்போற?" என்றேன்.

"சாமி வருதுன்னு அத்த சொன்னாங்க. எப்படிங்க சாப்புட்டுட்டு நிக்கிறது? பயமா இருக்குது."

போதகர் கட்டிலருகே சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அப்பத்தையும் கிண்ணத்தையும் வைத்து ஜெபித்தார். மனைவி அறைக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். போதகர் அப்பத்தை நீட்டியபோது அம்மா வாயைத் திறக்கவில்லை. இடது கையைத் தூக்கினாள்.

"ஐயா, கொஞ்சம் இருங்க."

மூச்சு முட்டுகிறதோ என்று பதறிவிட்டேன். அவள் நிலைப்படியைப் பார்த்தாள்.

"இங்க வாம்மா."

மனைவி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மெல்ல வந்தாள்.

"அன்னிக்கு எல்லார் எதிர்லயும் உன்ன ஒரு வார்த்த சொல்லிட்டேன்." ஒவ்வொரு சொல்லாக, கஷ்டப்பட்டு வந்தது. "அத வச்சிக்கினு ஆண்டவர் பந்தியில கை நீட்ட பயமா இருக்குதும்மா. என்ன மன்னிச்சிடு."

"அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன் அத்த."

"மறந்தா பத்தாது. மன்னிச்சேன்னு சொல்லு."

சொன்னாள். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. போதகர் அப்பத்தைக் கையில் ஏந்தியபடியே நின்றார், அவசரப்படுத்தவில்லை. அதற்குப் பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

ஆலயத்தில் அம்மா முக்காடு போட்டு முழங்காலில் நிற்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆண்டவர் தண்டித்துவிடுவார் என்று பயப்படுகிறாள் என்றே நினைத்திருந்தேன். அன்று பார்த்தது தண்டனைக்குப் பயந்த முகம் இல்லை. தன்மேல் அத்தனை அன்பு வைத்தவருக்கு எதிரே இப்படி ஒரு மனசோடு இருக்கிறோமே என்று கூசிய முகம்.

மனைவி அம்மாவின் தலையைத் தாங்கிக்கொள்ள, போதகர் திராட்சரசத்தைக் கொடுத்தார். கோணிய வாயோரம் ஒரு துளி வழிந்தது. துடைக்க முந்தானையை எடுத்த மனைவி சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"ஐயா, இத எதுல தொடைக்கிறதுங்க?"

கிண்ணத்தைத் துடைக்க வைத்திருந்த வெள்ளைத் துணியை அவர் அவளிடமே கொடுத்தார். ஒற்றியெடுத்தாள். அதைத் தானே அலசித் தருவதாகச் சொல்லி உள்ளே எடுத்துப் போனாள். அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விட மனம் வராமல், கால் படாத இடமாகப் பார்த்து, மதிலோரச் செம்பருத்தியின் அடியில் ஊற்றினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மா இறக்கும்வரை போதகர் மாதம் ஒருமுறை வந்துபோனார். ஒவ்வொரு முறையும் அவர் திரும்பிப் போன பிறகே என் மனைவி சாப்பிட உட்கார்ந்தாள்.