அப்பா தடியை வெளியே விட்ட தவணை

நீதிமன்ற வாசலைத் தாண்டிப் பதுளை பஸ் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். அப்பாவின் ஊன்றுதடி என் கையில் இருந்தது. அவர் என் தோளைப் பிடித்திருந்தார். பிடி இறுகிக்கொண்டே வந்தது.

"தடியத் தரவாப்பா?"

"இரு. வளைவு தாண்டட்டும். லோயர்மாரு பாப்பாங்க."

வளைவு தாண்டியதும் தடியை வாங்கிக்கொண்டு ஒரு மதிலில் சாய்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. வழக்குக்கு நான்கு வயது. தெமோதரைப் பக்கம் மூடுபனியில் ரோட்டோரம் நடந்துபோன அப்பாவை ஒரு வேன் அடித்துவிட்டது. வேன்காரரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், நல்ல மனிதர்தான். வலது முழங்கால் அதன்பிறகு மடங்கவில்லை. மலையேறித் தேயிலைக் கொழுந்துச் சாக்கு தூக்கும் வேலை அத்தோடு நின்றது. நஷ்டஈடு வந்ததும் அப்பா ஒரு சின்னக் கடை போடுவார், நான் சாதாரண தரப் பரீட்சை வரை படிப்பேன் என்பது வீட்டில் பேசி வைத்திருந்த ஏற்பாடு.

முதலிலேயே எங்கள் லோயர் ஐயா சொல்லியிருந்தார்: "எலும்பு எதுவரைக்கும் சேருதுன்னு தெரியாம எவ்வளவு கேக்குறது? அவசரப்பட்டு வாங்கிட்டா, பின்னாடி கால் மோசமானாலும் திரும்பக் கேக்க ஏலாது." அதனால் ஒன்றரை வருடம் காலுக்காகக் காத்திருந்தோம். கால் தயாரானபோது அறிக்கை எழுதிய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் தூரத்திலிருந்து வந்த அன்று மொழிபெயர்ப்பாளருக்கு லீவு. மொழிபெயர்ப்பாளர் வந்த அன்று இன்சூரன்ஸ் கம்பனியின் லோயருக்கு வேறு ஊரில் வழக்கு. பிறகு ஜட்ஜ் மாறினார். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொரு காரணத்துக்கும் மூன்று மாதம் போனது.

அன்றைக்குத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் அப்பா தடியை என்னிடம் நீட்டினார்.

"வெளிய வச்சிரு. தொரைக்கு முன்னாடியே தடிய ஊனிக்கிட்டு நிக்க மாட்டோம். ஜட்ஜய்யா தொரைக்கும் மேலடா."

தோட்டத்தில் மேலாளரான துரை வந்தால் தலைத்துண்டை அவிழ்த்து, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நேராக நிற்பது அவர் பழகிய மரியாதை. நான் கதவருகே தடியோடு நின்றுகொண்டேன். சாட்சிக் கூண்டு வரை அவர் தனியாகவே நடந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. கால் சுகமாகிவிட்டது, இனி வழக்கு முடிந்துவிடும் என்றே நினைத்தேன்.

தடி இல்லாமல் நடக்கிறீர்களே என்று எதிர்த்தரப்பு லோயர் சிங்களத்தில் கேட்டார். அது தமிழில் வந்து சேர்ந்ததும் அப்பா பணிவாகச் சிரித்தார்.

"நடப்பேனுங்க ஐயா."

எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பது அடுத்த கேள்வி.

"ஐயா நிக்கச் சொல்ற வரைக்கும் நிப்பேனுங்க."

அவ்வளவுதான். பழைய அறிக்கை இன்றைய காலுக்குப் பொருந்தவில்லை, டாக்டர்கள் குழு ஒன்று மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், அதற்கு மூன்று மாதத் தவணை கிடைத்தது.

வெளியே வந்த எங்கள் லோயர் ஐயா கோபிக்கவில்லை. "அண்ணே, நீங்க மரியாதைய வெளிய விட்டுட்டுத் தடிய உள்ள கொண்டு வந்திருக்கணும்" என்றார்.

"மூணு மாசந்தானே ஐயா?"

"தவணை மூணு மாசம்" என்று சொல்லிவிட்டுக் கேஸ் கட்டைக் கட்டினார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. நான் அதைப் படித்தேன். அப்பாவும் படித்தார். பிறகு எங்கள் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் அவர் கால் நடைவழியில் நீட்டிக்கொண்டிருந்தது. "கால மடக்குங்கண்ணே" என்றார் கண்டக்டர்.

"மடங்காதுப்பா."

கண்டக்டர் எந்த அறிக்கையும் கேட்கவில்லை. காலைத் தாண்டிப் போனார்.

மறுநாள் காலை அம்மா தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனதும் நான் பதுளைக்குப் பஸ் ஏறினேன். பிறகு ஊர் ஊராக எத்தனையோ வேலை மாறியிருக்கிறேன், அந்தப் பேக்கரி வேலைதான் முதலாவது. பேக்கரி முதலாளி வயதான முஸ்லிம் மனிதர்.

"எத்தன நாளைக்குத் தம்பி?"

"மூணு மாசம் முதலாளி. எங்க கேஸ் முடிஞ்சதும் ஸ்கூலுக்குப் போயிருவேன்."

"என்ன கேஸ்?"

"அப்பாவ வேன் அடிச்ச கேஸு. கால் மடங்காது."

அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். அதில் அடுக்கியிருந்த வேலைச் சட்டைகளில் எனக்குச் சரியாக இருந்த ஒன்றை எடுத்தார், திரும்ப வைத்தார், இன்னும் இரண்டு அளவு பெரியதை எடுத்துக் கொடுத்தார்.

"பெருசா இருக்கே முதலாளி?"

"இருக்கட்டும், போடுங்க."

அவருக்கு அளவு பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, சட்டைக் கைகளை மடித்துவிட்டு, சூடான பணிஸ் தட்டைத் தூக்கினேன்.